கறளின் மேல் வர்ணம் பூசலாமா?

பெரும்போக உழவு தொடங்குமுன் உழவு இயந்திரத்துக்கும் கலப்பைச் சட்டத்துக்கும் வர்ணம் பூசுவது நல்ல வழக்கமே. ஆயினும், கறளை அகற்றாது அதன் மேலேயே பூசுவது பணத்தை வீணாக்குவதேயாகும்.

வெறும் இரும்பில் ஈரமும் காற்றும் படக் கறள் பிடிக்கும். பசளையின் உப்பு அதனை விரைவாக்கும். கறள், தான் அரித்த இரும்பிலும் கூடிய இடத்தை அடைப்பதால், மேலுள்ள பூச்சைக் கிளப்பிவிடுகின்றது.

ஆகவே, பூச்சின் ஆயுள் வர்ணத்தின் விலையிலன்று, அதற்கு முன் செய்யப்படும் வேலையிலேயே தங்கியுள்ளது. முதலில் மண்ணையும் கிறீசையும் சவர்க்கார நீரால் கழுவி, நல்ல நீரால் அலம்பி உலர்த்துதல் வேண்டும். எண்ணெய்ப் பசையோடு தேய்த்தால் அது பரவுமேயன்றி நீங்காது. பின்னர் கம்பித் தூரிகையாலும் மண்கடதாசியாலும் கறளைத் தேய்த்தகற்றித் தூசைத் துடைத்தல் வேண்டும். பழைய வர்ணத்தில் நஞ்சாகிய ஈயம் இருக்கக்கூடுமாதலால், அதனை நனைத்துத் தேய்த்து, மீண்டும் உலர்த்துக. துப்புரவான இரும்பு ஓரிரவிலேயே கறள் பிடிக்கக்கூடும். எனவே, இரும்புக்குரிய முதற்பூச்சை அன்றே மெல்லியதாகப் பூசுதல் அவசியம். அது நன்கு காய்ந்த பின்னரே மேற்பூச்சு.

மண்ணைக் கிழிக்கும் கொழுவுக்கும் மண்வெட்டி அலகுக்கும் வர்ணம் வேண்டியதில்லை; மண் அதனைத் தேய்த்துவிடும். அவற்றைத் துடைத்து எண்ணெய் பூசி வைப்பதே தகும்.

இவ்வளவுக்கும் நேரமேது என்பர் சிலர். களை பிடுங்காது பசளையிட்ட வயலில் களையே செழிக்கும் என்பதைக் கமக்காரர் அறிவர். கறளும் அத்தகைய களையே. அரைநாள் உழைப்பை மிச்சப்படுத்திக் கருவியை இழப்பது சிக்கனமாகாது.