பிள்ளை திரும்பாவிட்டால்…

காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. பிழைத்தவர்களைப் பற்றிய பேச்சு அது. பிழைக்காத பிள்ளைகளைப் பற்றி நாம் கதைப்பதில்லை. கதைக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

28ஆம் வாரமளவில் நான்கைந்து பிள்ளைகளில் ஒன்று வயிற்றில் தலை மேலாகவே இருக்கும். பெரும்பாலானவை தாமாகத் திரும்பிவிடும். மாதம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று நான்கு பிள்ளைகளே குண்டியோ காலோ கீழாக இருக்கும். அநேகமாக இதற்குக் காரணம் எதுவும் தெரிவதில்லை. இது தாயின் குற்றமும் அன்று, எவருடைய பாவமும் அன்று.

அத்தாய்க்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, பிள்ளையைத் திரும்பச் செய்தல். 36, 37ஆம் வாரமளவில் வைத்தியர் வயிற்றின் மேல் கைகளை வைத்து மெல்லத் தள்ளித் திருப்புவார். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது பலன் தரும். முன்னர் பிள்ளை பெற்றவர்களுக்குப் பலன் இன்னும் கூட. இருநூறு பேரில் ஒருவருக்கு உடனே சத்திரசிகிச்சை தேவைப்படலாம். ஆகவே இதனை ஆஸ்பத்திரியிலேயே செய்ய வேண்டும். வீட்டில் எண்ணெய் தடவித் திருப்புவது ஆபத்து, நஞ்சுக்கொடி கழன்றுவிடக்கூடும்.

இரண்டாவது, நாள் குறித்துச் செய்யும் சிசேரியன். 26 நாடுகளில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, பிறக்கும் வேளையில் பிள்ளைக்கு இதுவே பாதுகாப்பு எனக் கண்டது. ஆனால் அப்பிள்ளைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் பரிசோதித்தபோது, இரு விதமாகப் பிறந்தோருக்கும் இடையில் வேறுபாடு காணப்படவில்லை. தாய்க்கோ தழும்பு மிஞ்சும். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அத்தழும்பில் ஒட்டிக்கொள்ளலாம். மேலும் பிள்ளைகள் வேண்டும் குடும்பம் இதனை அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இயல்பான பிரசவம். இங்கே பெரிய பாகமான தலை கடைசியில் வருகிறது, அது தடைப்படலாம். பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர் கல்லூரியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, இவ்விதம் பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ இரண்டு இறக்கின்றன. நாள் குறித்த சிசேரியனில் இரண்டாயிரத்துக்கு ஒன்று. பிள்ளை அளவான எடையாக இருந்து, பாதம் முந்தாமல், பழகிய கைகளும் சத்திரசிகிச்சைக் கூடமும் அருகில் இருந்தால் இதுவும் தகுந்த வழியே. எனினும் இப்படித் தொடங்கும் நூறு பேரில் நாற்பது பேரளவில் இறுதியில் சிசேரியனுக்கே போகிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே வழி என்று நாம் சொல்லவில்லை. மூன்றையும் தாய் தன் மொழியில், தன் காதால், குத்து எழுமுன் கேட்டறிய வேண்டும் என்கிறோம். குத்து எழுந்த பின் கையொப்பத்துக்கு நீட்டும் கடதாசி தெரிவு ஆகாது. மாமியும் புருசனும் ஒதுக்கமாகக் கூடி எடுக்கும் முடிவும் தெரிவு ஆகாது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். பதிவட்டை விட்டு வந்த வீட்டில் கிடக்கும். கிளினிக் மாறும். 36ஆம் வாரத்தில் வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஆள் இராது. பிள்ளை திரும்பவில்லை என்பது குத்து எழுந்த பின்னரே தெரியவரும். ஆகவே, எங்கு போனாலும் அட்டையைக் கொண்டு போங்கள். புதிய இடத்து மருத்துவமாதுவிடம் உடனே பதியுங்கள். 36ஆம் வாரத்தில், "பிள்ளையின் தலை எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். திரும்பவில்லை என்றால் சத்திரசிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி கேளுங்கள். பன்னீர்க்குடம் உடைந்தால் தாமதியாமல் 1990க்கு அழையுங்கள்; அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. எவ்வழியில் பிறந்தாலும், ஆறு வாரமளவில் பிள்ளையின் இடுப்பு மூட்டையும் ஸ்கான் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இப்பிள்ளைகளுக்கு மூட்டு விலகல் அதிகம்.

முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் நிற்கச் சொன்னாலும் பல தாய்மார் போவதில்லை. மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது, மாட்டுக்கு யார் தண்ணீர் வைப்பது என்பதே அவர்களின் கவலை. இதற்கு வைத்தியர் மருந்து எழுத முடியாது. பங்கின் மாதர் சங்கமும் அயலவரும் அந்தப் பத்து நாளைப் பொறுப்பேற்க முடியும். பிறக்கப்போகும் உயிருக்கு நாம் காட்டும் மரியாதை அங்கேதான் தொடங்குகிறது.