பரங்கிமலையில் தொடங்கிய சங்கிலி

பூகோளம் என்றால் மலை, நதி, தலைநகரம் என்று நெட்டுருப் போடும் பாடம் என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த மலையை யார், எங்கே நின்றுகொண்டு, எதற்காக அளந்தார்கள் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அது இல்லாத பூகோளம் பாதிப் பூகோளம்தான் என்பது என் கட்சி.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலையருகே நூறடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு சுமார் ஏழரை மைலுக்கு ஓர் ஆதாரக் கோட்டை அளந்தார். வெயிலில் சங்கிலி நீளுமே! அதனால் கூடார நிழலில், தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு அளந்தார்கள். (தண்டவாள மூட்டுகளில் இடைவெளி விடுவதும் இதே காரணத்தால்தான்.) அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்ததுதான் இந்தியாவின் மாபெரும் சர்வே. சென்னையில் ஏன் தொடங்கியது? 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்திருந்தார். கைக்கு வந்த நாட்டைக் கம்பெனிக்குக் காகிதத்தில் பார்க்க வேண்டியிருந்தது. சென்னையில் வானாய்வு நிலையமும் இருந்தது.

இந்தச் செலவு எதற்கு என்று கம்பெனிக்குள்ளேயே ஒருவர் ஆட்சேபித்தாராம்: ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குக்காரர்களிடம் சொன்னால் போதும், அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், லாம்டனின் படம் எதற்கு என்று. இதைக் கஞ்சத்தனம் என்று சிரிக்கிறோம். எனக்கோ அதில் ஓர் உண்மை தெரிகிறது. பல்லக்குக்காரர்களின் காலிலும் பூகோளம் இருந்தது. அதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை, அவர்களோடு போய்விட்டது.

காவிரிச் சமவெளியில் ஏறி நின்று பார்க்கக் குன்று கிடையாது, தென்னை மறைக்கும். கோயில்களே சர்வே மேடைகளாயின. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி வளைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் தாமே உட்கார்ந்து அதை நிமிர்த்தினார். தொழில் தெரிந்தவர், சந்தேகமில்லை. ஆனால் கயிறு இழுத்த, கொடி பிடித்த, காட்டுக் காய்ச்சலில் மாண்ட கலாசிகளின் பெயர் எந்தப் படத்திலும் இல்லை.

எவரெஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நேபாளம் வெள்ளையரை உள்ளே விடவில்லை. ஆகவே நூறு மைலுக்கும் அப்பால் நம் சமவெளியில் நின்று அளந்தார்கள். கணக்கில் பெரும்பங்கு வங்காளத்து ராதாநாத் சிக்தருடையது. 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி. 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8848.86 மீட்டர். வித்தியாசம் முப்பதடிதான்! திபெத்தியர் சோமோலுங்மா என்று சொல்லிவந்த சிகரத்துக்கு 1865-ல் அதைக் கண்ணாலும் பாராத ஒரு முன்னாள் சர்வேயர் ஜெனரலின் பெயர் நிலைத்தது. இந்நாட்டு மக்கள் வாயில் இது நுழையாது என்று அவரே மறுத்துப் பார்த்தார். சர்வே கையேட்டில் சிக்தருக்குச் சொல்லியிருந்த நன்றியோ, அவர் இறந்தபின் 1875 பதிப்பில் காணாமல் போயிற்று.

டெல்லியிலிருந்து சென்னைக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் வார்தா தாண்டியதும் ஹிங்கன்காட் என்ற பெயர்ப்பலகையைப் பாருங்கள். லாம்டன் 1823-ல் இறந்ததும் புதைக்கப்பட்டதும் அங்கேதான். பலகையின் அடியில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்றும் எழுதியிருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். நம் சங்கத்தின் கோடை வினாடி வினாவிலும் இதை ஒரு கேள்வியாகச் சேர்க்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.