இரண்டு மைக்கும் ஒரு துண்டுக் கயிறும்

“உங்களிட்ட நல்ல ஓவர்ஹெட் மைக் இல்லை. ட்ரம்ஸைக் கொம்பியூட்டரில அடிப்பம்.”

பாட்டு ஒலிப்பதிவு செய்யப் போன எங்கட பெடியள், பெட்டையள் எத்தனை பேர் இந்த வசனத்தைக் கேட்டிருப்பினம்? நாங்களும் கேட்டோம். நாலு வருசமாய்த் தலையணையில அடிச்சு, அயல் வீட்டுக்காரரிட்டப் பேச்சு வாங்கிப் பழகின எங்கட ட்ரம்மர், அண்டைக்கு முழுக்க ஒரு மூலைக் கதிரையில இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அடிக்க வேண்டியதை வேறொருவர் மவுஸால கிளிக் பண்ணினார். பாட்டு வெளிவந்தது, பெயர்ப் பட்டியலில் அவனுடைய பெயரும் வந்தது. அந்தப் பாட்டில் அவனுடைய கை மட்டும் இல்லை.

இது தொழில்நுட்பப் பிரச்சினை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. நாங்கள் அதை நம்பவில்லை. விலை உயர்ந்த மைக் இல்லாமல் ட்ரம்ஸ் பதிவு செய்யேலாது என்பது ஒரு மூடநம்பிக்கை. அதை நம்பி நாங்கள் இழப்பது ஒரு தலைமுறை வாத்தியக்காரரை.

முதலில் ஓவர்ஹெட் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். ட்ரம் செற்றுக்கு மேலே தொங்கும் இரண்டு மைக்கும் சிம்பலுக்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பிழை. முழுச் செற்றையும் ஒரே வாத்தியமாய்க் கேட்கும் காது அதுதான். கிக், ஸ்னேர், ரொம் என்று ஒவ்வொன்றுக்கும் கிட்ட வைக்கும் மைக் எல்லாம் அந்தப் படத்துக்கு அழுத்தம் கொடுக்கத்தான். ஓவர்ஹெட் இரண்டும் சரியாய் அமைந்தால், கிக்குக்கு இன்னொரு மைக்கோடு ஒரு பாட்டை முடிக்கலாம். ஓவர்ஹெட் பிழைத்தால் ஏழு மைக் வைத்தும் பிரயோசனமில்லை.

அப்படியிருக்க, நாங்கள் காசை எங்கே போடுகிறோம்? பெட்டியோடு வரும் ஏழு மைக் செற்றில். பெட்டியைத் திறக்க வடிவாய்த்தான் இருக்கும். ஆனால் அதே காசு ஏழாய்ப் பிரிந்துபோய், முக்கியமான இரண்டுக்கும் மிச்சம் கொஞ்சம்தான் விழுகிறது. எட்டு வழி ஓடியோ இன்ரபேஸ் இல்லாதவரிடம் ஏழு மைக் இருந்து என்ன செய்கிறது? இரண்டு வழி இன்ரபேஸ்தான் எங்களில் பலரிடம் இருப்பது. அதற்குத் தேவை ஒரு சோடி.

சரி, எந்தச் சோடி? பென்சில் மாதிரி மெலிந்த, சிறிய டயபிரம் உள்ள கொண்டென்சர் மைக்தான் எங்கட தெரிவு. ட்ரம் செற்றின் சத்தம் மைக்குக்கு நேர் முன்னால் மட்டும் இருந்து வருவதில்லை, எல்லாப் பக்கமும் இருந்து வரும். பக்கவாட்டில் வரும் சத்தத்தின் நிறத்தைப் பெரிய டயபிரத்தைவிடச் சிறியது குறைவாய்த்தான் மாற்றும். பெஹ்ரிங்கர் சீ-2, சாம்சன் சீ-02, றோட் எம்-5 எல்லாம் சோடியாகவே விற்கப்படுகின்றன. எல்லாரும் கைகாட்டும் நொய்மன் கேஎம் 184 நல்ல மைக்தான், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒன்றின் விலைக்கு இவற்றில் பல சோடி வாங்கலாம்.

“மலிவு மைக் இரையும்” என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எங்கே இரையும்? மெல்லிய குரலில் கதை சொல்லும்போது, தனி வீணையைப் பதிவு செய்யும்போது. கொண்டென்சர் மைக்கின் சொந்த இரைச்சல் 20 டெசிபல் அளவில் இருந்தாலும், கிட்ட நின்று கேட்கும் ஸ்னேர் அடி 100 டெசிபலைத் தாண்டும். அந்த அடிக்கு முன்னால் இந்த இரைச்சலை ஆர் கேக்கப்போகினம்? விலை கூடிய மைக்கில் நாங்கள் காசு கொடுத்து வாங்கும் நல்ல குணங்களில் ஒன்று அந்த அமைதி. ட்ரம்ஸுக்கு அது தேவையே இல்லை. மலிவு மைக்குக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை.

மலிவு மைக்கின் உண்மையான குறை வேறு. பலவற்றில் மேல் அலைவரிசை தூக்கலாய் இருக்கும். குரலுக்கு அது பளிச்சென்று கேட்கும், மலிவுச் சிம்பலுக்கு மேலே வைத்தால் தகரம் கிழிப்பது போலிருக்கும். ஆகவே கடையில் “என்ன கிளியர்!” என்று தோன்றும் மைக்கை அல்ல, கொஞ்சம் மங்கலாய்த் தோன்றுவதைத் தெரிவு செய்யுங்கள். வாங்க முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே தூரத்தில் நின்று கை தட்டிப் பதிவு செய்து பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சத்தமாயோ கூர்மையாயோ இருந்தால் அந்தச் சோடி வேண்டாம். இன்ரபேஸில் 48 வோல்ற் பான்ரம் பவர் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாமல் இந்த வகை மைக் வேலை செய்யாது. கொண்டென்சருக்கே வழியில்லையா? பாட்டுக்காரர் பிடிக்கும் இரண்டு டைனமிக் மைக்கை மேலே வையுங்கள். சிம்பலின் மினுக்கம் குறையும், ஆனால் பாட்டு நிற்கும்.

இனிக் கயிறு. எங்கட வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும். ஸ்னேரில் இருந்து ஒரு மைக் மற்றதைவிட 35 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால், அதே அடி 1 மில்லிசெக்கன் பிந்திச் சேரும். இரண்டையும் ஒன்றாய்க் கலக்கும்போது 500 ஹேர்ட்ஸை ஒட்டிய சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்னேரின் சதை கழன்று எலும்பு மட்டும் கேட்கும். பிறகு “மைக் சரியில்லை” என்று பழி மைக்கில் விழும். ஒரு துண்டுக் கயிற்றின் நுனியை ஸ்னேரின் நடுவில் பிடித்து, இரண்டு மைக்கும் அதே நீளத்தில் வருகிறதா என்று அளந்தால் போதும். செலவு பத்து ரூபாயும் இல்லை. பிறகு இரண்டையும் மோனோவில் சேர்த்துக் கேளுங்கள். எங்கட பாட்டை அதிகம் பேர் கேட்கப்போவது ஒற்றைப் போன் ஸ்பீக்கரில்தானே.

இதெல்லாம் ஏழைகளுக்கான சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம். லெட் செப்பெலினின் முதல் இசைத்தட்டு 1968இல் லண்டன் ஒலிம்பிக் ஸ்ரூடியோவில் பதிவாகி 1969இல் வந்தது. அதைப் பதிவு செய்த கிளின் ஜோன்ஸின் பெயரில் இன்றும் ஒரு முறை சொல்லித்தரப்படுகிறது. ஒரு மைக் செற்றுக்கு மேலே, இன்னொன்று ஃபுளோர் ரொம்முக்குப் பக்கத்தில், இரண்டும் ஸ்னேரில் இருந்து ஒரே தூரம். கிக்குக்கு ஒன்று, வேண்டுமானால் ஸ்னேருக்கும் ஒன்று. அவருடைய மைக்குகள் விலையானவைதான், அந்த மண்டபமும் எங்களிடம் இல்லை. ஆனால் அந்த அளவும் அந்தக் காதும் ஆருக்கும் சொந்தமில்லை.

அறையைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். எட்டடி உயரச் சீலிங்குக்குக் கீழே எந்த மைக்கும் அழும். சத்தம் சீலிங்கில் பட்டு உடனே திரும்பி மைக்குக்குள் விழும். மேலே ஒரு மெத்தையைக் கட்டுங்கள், கீழே பாய் விரியுங்கள். முடிந்தால் ஒரு கோயில் மண்டபத்தையோ தேவாலய மண்டபத்தையோ பின்னேரம் கேட்டு வாங்குங்கள். நொய்மனுக்குச் சேர்க்கும் காசைவிட அந்த உயரம் பெறுமதியானது.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் உண்டு. தனியாய் ஒரு அறையில் இருந்து பாட்டுச் செய்யும் பிள்ளைக்குக் கொம்பியூட்டர் ட்ரம்ஸ் ஒரு வரம். இலத்திரனியல் இசைக்கு அதுவே வாத்தியம். எங்கட சண்டை அதோடு இல்லை. ட்ரம்மர் ஒருவர் பக்கத்தில் உயிரோடு இருக்கும்போது, “தரம்” என்ற ஒரு சொல்லைக் காட்டி அவரை மூலையில் இருத்துவதோடுதான் எங்கட சண்டை. அவர் கொஞ்சம் முந்துவார், கொஞ்சம் பிந்துவார். கோரஸ் வரும்போது தெரியாமலே அழுத்தி அடிப்பார். அதுதான் அந்தப் பாண்ட். அதைத் துடைத்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் செய்த பாட்டும் மட்டக்களப்பில் செய்த பாட்டும் ஒரே சாம்பிள் பெட்டியின் ஒரே ஸ்னேரோடு வரும்.

காசு இல்லை என்பது உண்மை. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. 100 டொலர் மைக் சோடி ஒன்று 20,000 ரூபாயில் இருந்து 36,000க்குப் போனது, வரியும் கூலியும் சேர்க்காமல். எங்கட சம்பளம் அப்படி ஏறவில்லை. ஆகவே “நீ உழைச்சு வாங்கு” என்று ஆருக்கும் புத்தி சொல்ல நாங்கள் வரவில்லை.

எங்கட ஊர்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. கலியாண வீடு, செத்த வீடு என்றால் கதிரையும் கிடாரமும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியே வாங்குவதில்லை. பொதுவில் இருக்கும், கொப்பியில் எழுதி எடுப்போம், கழுவித் திருப்பிக் கொடுப்போம். ஒரு சோடி மைக், இரண்டு ஸ்ரான்ட், இரண்டு வயர், ஒரு துண்டுக் கயிறு ஆகியவற்றுக்கும் அதே கொப்பியில் ஒரு பக்கம் திறந்தால் என்ன? ஐந்து பாண்டுகள் சேர்ந்தால் ஆளுக்கு விழுவது ஒரு தொடக்கநிலை மைக்கின் விலைகூட இல்லை.

நாங்கள் தொடங்கிவிட்டோம். எங்கட முதல் பதிவு திறமில்லை. சிம்பல் கொஞ்சம் குத்துகிறது, இரண்டாவது சரணத்தில் வெளியே போன ஓட்டோவும் கேட்கிறது. ஆனால் அடித்தது எங்கட ட்ரம்மர். அடுத்த முறை ஆராவது “உங்களிட்ட நல்ல மைக் இல்லை” என்று சொன்னால், கதிரையில் போய் இருக்காதீர்கள். கயிறு இருக்கிறதா என்று கேளுங்கள்.