பேரீத்தம்பழம் மருந்தல்ல, உணவு

ரமழான் நெருங்கும்போது நமது வீடுகளுக்குப் பேரீத்தம்பழப் பெட்டி வந்துவிடும். கூடவே வட்ஸ்அப்பில் அதன் மகிமைகளும் வரத் தொடங்கும். குருதிச்சோகை தீரும், நீரிழிவு மாறும், ஞாபகசக்தி பெருகும் என்று நீளும் அந்தப் பட்டியலுக்கு முடிவே இல்லை. பேரீத்தம்பழத்தின் மீது நம் சமூகம் வைத்திருக்கும் அன்பில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அந்த அன்பின் பெயரால் அதற்கு இல்லாத குணங்களை ஏற்றிச் சொல்வது முறையா? அது மருந்தல்ல, உணவு. உணவாக இருப்பதே அதற்குப் போதிய சிறப்பு என்பது என் கருத்து.

அரேபியப் பாலைநிலத்து மக்களுக்குப் பேரீத்த மரம் வாழ்வாதாரமாக இருந்தது. காய்ந்த பழம் நெடுநாள் கெடாது. பயணத்தில் சுமந்து செல்லவும் இலகு. ஓலை பாயாகவும் கூடையாகவும் மாறும். மதீனாவின் மஸ்ஜிதுந் நபவி முதலில் கட்டப்பட்டபோது அதன் தூண்கள் பேரீத்த மரத் தண்டுகளே, கூரை அதன் ஓலைகளே. நபி (ஸல்) அவர்களின் வீட்டில் மாதக்கணக்கில் அடுப்பு எரியாமல், பேரீத்தம்பழமும் தண்ணீருமே உணவாக இருந்த நாட்களைப் பற்றி ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பிரசவ வேதனையில் தனித்திருந்த மர்யம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் வழங்கியதும் கனிந்த பேரீத்தம்பழங்களே என்பதை ஸூறா மர்யமில் ஓதுகிறோம். இந்த மரத்தைச் சுற்றி வளர்ந்த அறிவையும் மரபுகளையும் 2019ஆம் ஆண்டில் 14 அரபு நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு பெருமை உள்ள பழத்துக்குப் பொய்ப் பெருமை எதற்கு?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி என்ற வகையில் சில கணக்குகளைச் சொல்கிறேன். 100 கிராம் பேரீத்தம்பழத்தில் ஏறக்குறைய 280 கலோரி சக்தியும் 7 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. பொற்றாசியமும் நிறைய உண்டு. பகல் முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்தவருக்கு உடனடிச் சக்தி தர இதைவிடப் பொருத்தமான பழம் குறைவு. ஆனால் அதே 100 கிராமில் இரும்புச்சத்து வெறும் 1 மில்லிகிராம் அளவுதான். நம் வயதுப் பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் தேவை. நோன்பு திறக்கும்போது உண்ணும் மூன்று பழங்களால் அதை எப்படி நிரப்புவது?

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. மகள் சோர்ந்திருக்கிறாள், முகம் வெளுத்திருக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால், பல உம்மாமார் செய்வது தினமும் நாலு பேரீத்தம்பழம் கொடுப்பதுதான். அக்கறையோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் குருதிச்சோகை இருக்கிறதா என்பதைச் சொல்வது இரத்தப் பரிசோதனை. அதைத் தள்ளிப்போட்டுப் பழத்தை நம்பினால் இழப்பு பிள்ளைக்குத்தான். இரும்புச்சத்துக்கு ஈரலும் இறைச்சியும் மீனும் பருப்பும் கீரையும் நம் அடுப்படியிலேயே இருக்கின்றன. கீரைக்குத் தேசிக்காய்ப் புளி சேர்த்தால் அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்றாக உறிஞ்சும். சோறு தின்ற கையோடு குடிக்கும் பிளேன்டீ அதைத் தடுக்கும். தோழியரே, பாடசாலையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை மேசைக்குள் ஒளித்துவிட்டு, பேரீத்தம்பழம் தின்கிறேனே என்று சொல்வதும் சரியல்ல.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ந்த பேரீத்தம்பழத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சர்க்கரைதான். நீரிழிவுள்ளவர்கள் எத்தனை பழம் உண்ணலாம் என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டறிவதே நல்லது. இயற்கையான இனிப்பு, எவ்வளவும் உண்ணலாம் என்று வரும் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

இப்படிப் பேசுவது ஸுன்னத்தைக் குறைத்துப் பேசுவதாகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. பேரீத்த மரத்தில் ஆண், பெண் என இரண்டுண்டு. ஆண் மரத்தின் மகரந்தத்தை மனிதர் கையால் பெண் மரத்தின் பூவில் சேர்ப்பது வழக்கம். மதீனாவாசிகள் இதைச் செய்வதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அதுபற்றித் தம் அபிப்பிராயத்தைச் சொன்னார்கள். மக்கள் அதைக் கைவிட, அவ்வருடம் விளைச்சல் குறைந்தது. உலக விவகாரத்தில் உங்கள் அனுபவ அறிவு உங்களுக்குண்டு என்ற கருத்தில் அன்னார் அப்போது வழிகாட்டினார்கள். அறிவைக் கொண்டு நடக்கும் அந்தப் பாடம் கிடைத்ததே ஒரு பேரீத்தந் தோட்டத்தில்தான். ஸுன்னத்தை நிறைவேற்ற நாம் பழத்தை உண்போம். நோய்க்கு வைத்தியம் செய்வோம். இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

உணவாக மதிப்பதென்றால், ரமழானோடு அதை மறந்துவிடாமல் இருக்க வேண்டும். பாடசாலைக்குக் கொண்டுபோகும் இனிப்பு பிஸ்கட்டுக்குப் பதிலாக இரண்டு பேரீத்தம்பழமும் கொஞ்சம் கச்சானும் போதும். விலையுயர்ந்த அஜ்வாப் பெட்டியை வசதியுள்ள வீடுகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதைவிட, சாதாரணப் பழத்தில் ஒரு கிலோ இல்லாத வீட்டுக்குப் போய்ச் சேர்வது மேல். பாதிப் பேரீத்தம்பழத்தையாவது தர்மம் செய்து நரகிலிருந்து காத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்தப் பாதிப் பழம் யாருடைய நோயையும் தீர்த்துவிடாது. ஆனால் ஒருவருடைய பசியில் நாம் பங்கெடுத்தோம் என்பதற்கு அது சாட்சியாகும்.