ஆழ்கடல் கடிகாரமும் ஆழம் பார்க்கும் வியாபாரிகளும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்திலும் வேலை செய்யும் நமது இளைஞர்களிடையே ஒரு புதிய ஆசை மூட்டப்படுகிறது. "சாதாரண வாட்ச் எதற்கு? சுவிஸ் டைவ் வாட்ச் ஒன்று வாங்கு. புதிதாக வாங்க முடியாவிட்டால் செகண்ட் ஹேண்டில் வாங்கு. கட்டினால் கௌரவம், விற்றால் லாபம்!" கைபேசித் திரையில் இரவும் பகலும் இந்த உபதேசம்தான்.

நாம் கேட்கிறோம்: யாருக்குக் கௌரவம்? யாருக்கு லாபம்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். உழைப்பவன் நல்ல பொருளுக்கு ஆசைப்படுவது குற்றமல்ல. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடுவது ஏழை எளியவர் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். நமது சண்டை ஆசையோடு அல்ல. அந்த ஆசையை வைத்துப் பிழைக்கும் வியாபாரத்தோடு.

கடலில் இறங்குகிறவன் யார்?

டைவ் வாட்ச் என்பது என்ன? தண்ணீருக்கு அடியில் வேலை செய்கிறவனின் கருவி. 1953-ல் பிளாங்பெய்ன் கம்பெனியின் 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்', ரோலெக்ஸ் கம்பெனியின் 'சப்மரைனர்' ஆகிய இரண்டும் பிறந்தன. இறங்கி எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று பார்க்கத்தான் அதன் முகத்தைச் சுற்றித் திருப்பக்கூடிய வளையம் வைத்தார்கள். காற்று தீருமுன் மேலே வந்தாக வேண்டுமே! இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் முக்குளிப்போரின் கையிலுள்ள சிறு கம்ப்யூட்டர் செய்கிறது. கருவியின் தேவை குறைந்தது. விலையோ லட்சங்களில் ஏறியது. இதென்ன விந்தை!

நமது மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தூத்துக்குடித் தொழிலாளிகள் அங்கே சங்கு குளித்தார்கள். மூச்சை அடக்கி இறங்கினார்கள். பின்னாளில் படகிலிருந்து குழாயில் வரும் காற்றை நம்பி இறங்கினார்கள். அவர்கள் கையில் எந்த சுவிஸ் வாட்ச் மின்னியது? கடலில் இறங்குகிறவனிடம் டைவ் வாட்ச் இல்லை. டைவ் வாட்ச் கட்டிய கனவானோ கை கழுவும் தொட்டிக்கு மேல் ஆழம் கண்டதில்லை!

லட்சம் எதற்குப் போகிறது?

சரியான நேரத்துக்காகவா? பேர்பெற்ற சுவிஸ் சோதனையில் தேறிய இயந்திர வாட்ச் நாளொன்றுக்கு 4 விநாடி பின்தங்கலாம், 6 விநாடி முந்தலாம். 6 விநாடி வீதம் மாதத்தில் 3 நிமிஷம் ஆயிற்று. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பாட்டரி குவார்ட்ஸ் வாட்சோ மாதத்துக்கே 15, 20 விநாடிதான் தவறும். 200 மீட்டர் நீரழுத்தம் தாங்குவதும் அந்த விலையிலேயே கிடைக்கிறது.

சுவிஸ் தொழிலாளியின் கைத்திறனை நாம் குறைத்துப் பேசவில்லை. அவனும் உழைப்பாளிதான். ஆனால் நாம் கொடுக்கும் லட்சத்தில் பெரும்பங்கு பெயருக்கும், விளம்பரத்துக்கும், கண்ணாடிக் கடையின் ஜோடனைக்கும் போகிறது.

கணக்குப் போடுவோம். மாதம் 18,000 ரூபாய் வாங்கும் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி 3,60,000 ரூபாய் வாட்ச் வாங்கினால் 20 மாதக் கூலி முழுவதும் மணிக்கட்டில் ஏறிவிடும். வீட்டு வாடகை? பிள்ளையின் படிப்பு? நாற்று நட்டும் களை பறித்தும் கூலி வாங்கும் நமது விவசாயத் தொழிலாளி சகோதரிக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பாளா, அழுவாளா?

செகண்ட் ஹேண்ட் என்னும் பொறி

"அதனால்தான் பழசு வாங்கச் சொல்கிறோம்" என்பார்கள் தரகர்கள். பழசில் விலை குறைவது உண்மை. ஆனால் ஆபத்து முழுவதும் வாங்குகிறவன் தலையில் விழுகிறது.

நீர் புகாமல் காப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள். அவை வயதாகி இறுகிவிடும். அழுத்தச் சோதனை செய்யாத பழைய டைவ் வாட்ச் வாளித் தண்ணீரையும் தாங்காமல் போகலாம். முகப்பு ஒன்று, இயந்திரம் வேறொன்று என ஒட்டுப்போட்ட சரக்கும் உண்டு. அசலைப் போலவே செய்த போலியும் உண்டு.

இதைவிடப் பெரிய சங்கதி சட்டத்தில் இருக்கிறது. 1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 123-வது பிரிவு தங்கத்தோடு கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கடத்தல் சரக்கென்று நியாயமான நம்பிக்கையில் அதிகாரிகள் கைப்பற்றினால், அது கடத்தல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவனுடையது! இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2024 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்திலேயே ஒன்றேமுக்கால் கோடி ரூபாய் அளவு மதிப்புள்ள இரண்டு வாட்சுகளைச் சுங்க இலாகா பிடித்ததைப் பத்திரிகைகளில் பார்த்தோம். பெரிய மனிதர்களுக்கு வக்கீல் இருக்கிறார். ரசீது இல்லாத வாட்சோடு நிற்கும் லேத் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்?

"முதலீடு" என்னும் புளுகு

வாட்ச் விலை ஏறிக்கொண்டே போகுமாம். 2020-க்குப் பின் பழைய ஆடம்பர வாட்சுகளின் விலை ஏறியது மெய். 2022-ன் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டுப் பின் சரிந்ததும் மெய். உச்சியில் வாங்கியவன் நஷ்டத்தைச் சுமந்தான். தரகனோ ஏற்றத்திலும் கமிஷன் வாங்கினான், இறக்கத்திலும் வாங்கினான்.

இன்னொன்றும் உண்டு. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு இந்திய அரசு 2024 மார்ச்சில் செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. அதன்படி சுவிஸ் வாட்ச் மீதான சுங்கவரி ஏழாண்டுகளில் படிப்படியாக நீங்கும். வரி இறங்கப்போகும் சரக்கைக் கடன்பட்டு வாங்கி வைத்து லாபம் பார்ப்பதாம்! இது யாருக்கு விரித்த வலை?

ஆவடி மண்ணுக்கு இது நினைவிருக்கட்டும். 1955-ல் இங்கேதான் காங்கிரஸ் மகாசபை கூடி 'சோஷலிஸ மாதிரி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. 1961-ல் பெங்களூரில் பொதுத்துறை எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி ஒத்துழைப்போடு வாட்ச் செய்யத் தொடங்கியது. சாதாரண மனிதன் கையிலும் கடிகாரம் ஏறியது. அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஜனங்களின் வாட்சுக்கு மூடுவிழா. சீமான்களின் வாட்சுக்கு வரிச் சலுகை!

நேரம் யாருடையது?

ஆகவே தோழர்களே, நமது வார்த்தை இதுதான். நேரம் பார்க்க வாட்ச் வேண்டுமா? கையிலுள்ள காசுக்கு, ரசீதோடு, உத்தரவாதத்தோடு புதிய வாட்ச் வாங்குங்கள். ஓசூரில் நமது தொழிலாளிகள் செய்வதும் நல்ல வாட்ச்தான். பழசுதான் வேண்டுமென்றால் அசல் ரசீது, வாட்சின் எண்ணோடு பொருந்தும் உத்தரவாத அட்டை, அழுத்தச் சோதனைச் சீட்டு மூன்றும் இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். தவணையில் மட்டும் வாங்காதீர்கள்!

ஏனென்றால், தவணை வந்தால் ஓவர்டைம் வரும். ஓவர்டைம் வந்தால் தூக்கம் போகும், பிள்ளை முகம் பார்க்கும் நேரமும் போகும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. போராடிக் காத்த அந்த நேரத்தை ஒரு வாட்சுக்காக நாமே கொண்டுபோய் அடகு வைக்கலாமா?

வாட்ச் எந்த விலையானாலும் சரி, அது காட்டும் நேரம் நம்முடையதாக இருக்கட்டும்!