மூணு வருஷத்துல மூணாவது கம்பெனியா?

வரன் பேசும் வீடுகளில் இப்போது தவறாமல் எழும் கேள்வி இது. ஓரிடத்தில் நிலைக்காத பிள்ளை குடும்பத்தில் மட்டும் நிலைக்குமா என்று பெரியவர்களுக்குப் பயம். பயப்படட்டும். கூடவே பிள்ளைகள் போடும் கணக்கையும் காதில் வாங்கிக்கொள்ளலாம்.

பெரிய ஐடி கம்பெனிகளில் ஃப்ரெஷருக்கு வருடம் மூன்றரை லட்சம் என்ற சம்பளம் பத்து, பதினைந்து வருடங்களாகப் பெரிதாக நகரவில்லை. சென்னையில் வீட்டு வாடகை அப்படியா இருக்கிறது? வருடாந்திர ஹைக் பெரும்பாலும் ஒற்றை இலக்க சதவிகிதம்தான். அதே ஆள் இரண்டு வருட அனுபவத்தோடு வெளியே போனால், 30 சதவிகிதம் கூடக் கேட்கிறார். பல நேரம் கிடைக்கவும் செய்கிறது. அவர் போன இடத்துக்குப் பழைய கம்பெனி கூடுதல் சம்பளத்தில் புது ஆளை எடுக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இது தெரிய எத்தனை நாளாகும்? ஒரு டீ பிரேக் போதும்.

அப்பா 35 வருடம் ஒரே ஆபீஸில் இருந்தார் என்றால், அந்தப் பொறுமைக்கு ஒரு விலை இருந்தது. ரிட்டயர் ஆனதும் மாதாமாதம் பென்ஷன். அவருக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன். தமிழ்நாடு அரசு வேலையிலேயே 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் திட்டம் கிடையாது. தனியார் கம்பெனியில் எதை நம்பிக் காத்திருப்பது?

அதனால் மாறுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாறும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பி.எஃப் பணத்தை எடுத்து பைக் வாங்குகிறார்கள். அதைப் புதுக் கம்பெனிக்கு மாற்றினால் பழைய வருடங்களும் சேர்ந்தே எண்ணப்படும். மொத்தம் ஐந்து வருடம் ஆகும் முன் எடுத்தால் வரி உண்டு. பி.எஃப் பென்ஷனுக்கோ பத்து வருட சர்வீஸ் வேண்டும்.

கிராஜுவிட்டியை அப்படி மாற்ற முடியாது. நிரந்தர ஊழியர் ஒரே கம்பெனியில் ஐந்து வருடம் முடிக்க வேண்டும். கடைசி பேசிக் 30,000 ரூபாய் என்றால், ஐந்து வருடத்துக்குச் சுமார் 86,500 ரூபாய் வரும். நாலரை வருடத்தில் ஆஃபர் லெட்டர் வந்தால், சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்டுப் பாருங்கள். 90 நாள் நோட்டீஸ் பீரியடிலேயே பாதி தூரம் கடந்துவிடும்.