குஞ்சுக்கு முன் கூடு

நாட்டுக் கோழி வருஷத்துக்கு 50, 60 முட்டைதான் இடும் என்பது நம் கிராமங்களில் நிலைத்துவிட்ட எண்ணம். குறையை இனத்தின் மேல் ஏற்றிவிட்டு, வேறு இனக் குஞ்சுகளை வாங்கித் தருமாறு சங்கங்களை வேண்டுவோர் பலர். இவ்வாதம் பாதி உண்மையே என்று நாம் கருதுகிறோம். இனம் ஓர் எல்லையை வகுக்கிறது. அவ்வெல்லையைக் கோழி எட்டுவது வளர்ப்பு முறையைப் பொறுத்தது.

நாட்டுக் கோழி ஒரு முறைக்கு 12 முதல் 15 முட்டை வரை இட்டு, 21 நாள் அடைகாத்து, பின்னர் இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளுடன் திரிகிறது. அதுவரை மறு முட்டை இல்லை. ஆகவே வருஷத்தில் மூன்று நான்கு முறையே முட்டைக்கு வருகிறது. குஞ்சுகளை முன்னதாகவே பிரித்துத் தனிக் கூட்டில் வளர்த்தால், தாய் விரைவில் மீண்டும் முட்டையிடும். பருந்துக்கும் கீரிக்கும் குஞ்சுகள் பலியாவதும் குறையும். முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; பின் வாரந்தோறும் மூன்று டிகிரி குறைக்கலாம். இதற்கு அட்டைத் தடுப்பும் ஒரு மின்விளக்கும் போதும். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர் என்றும், ஓரம் ஒதுங்கினால் சூடு மிகுதி என்றும் அறியலாம்.

வளர்ந்த கோழிக்கோ வெயிலே பகை. கோழிக்கு வியர்வை இல்லை. வாய் திறந்து இரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. அப்போது தீனி குறைகிறது. முட்டை ஓடு மெலிகிறது. நிழலும், மண்சட்டியில் குளிர்ந்த நீரும், வெயிலுக்கு முன்னும் பின்னும் தீனியும் அளித்தல் வேண்டும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தும் தேவை. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு சிமெண்டு ஆலை நடந்த மாவட்டத்தில், கோழிக்கு ஒரு பிடி கிளிஞ்சல் தூள் கிடைக்காதிருப்பது விந்தையே!

மேய்ச்சலில் புழு பூச்சி கிடைக்கும்; கோடையில் அதுவும் அரிது. மாலையில் ஒரு கைப்பிடி கம்போ சோளமோ இட்டால் கோழி தானே கூடு திரும்பும். பழம்பானையில் காய்ந்த சாணமும் கந்தல் சாக்கும் இட்டு, நீர் தெளித்து, இரவில் கவிழ்த்து வைத்தால் விடியலில் கரையான் திரளும். குஞ்சுகளுக்கு அது நல்ல தீனி. நெசவாளர் வீட்டில் பாவு விரித்துக் கஞ்சியிடும் வேளையில் கோழி நுழைந்தால் சச்சரவுதான். அங்கே அடைப்பு அவசியம். பட்டாசு மருந்துக் கழிவு விழும் இடத்தில் மட்டும் கோழியை மேயவிடலாகாது.

இவை யாவும் செய்தும், வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகும். இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேட்டின் பெயரால் வழங்கும் இந்நோய்க்கு, 1932-இல் தோன்றிய ராணிப்பேட்டை நிலையத்திலேயே தடுப்பு மருந்து தயாராகிறது. முதல் வாரத்தில் சொட்டு மருந்தும் எட்டாம் வாரத்தில் ஊசியும் போடுவது வழக்கம். மருந்து கிட்டாமையினும் அது குளிர்ச்சி குன்றாமல் கிராமம் வந்து சேராமையே பெருங்குறை.

இதனைச் சிறு விஷயமென எண்ணற்க. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வெளிவந்தபின் சிவகாசிப் பட்டாசு ஆலைகள் சில மாதம் மூடிக் கிடந்தன. தீபாவளி கழிந்தபின்னும் மழைக் காலத்திலும் வேலை குறைவது ஆண்டுதோறும் உள்ளதே. கூலி நின்ற வீட்டில் குழந்தைக்கு முட்டையும், அவசரத்துக்கு விற்கச் சேவலும் இருப்பது பெண்மணிகளின் கைம்முதல்.

கம்பிக் கூண்டில் அடைத்து ஆலைத் தீவனம் அளித்தால் எடை விரைந்து ஏறும் என்பதை மறுக்கவில்லை. பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு அச்செலவு கட்டாது. பகலில் மேய்ச்சல், இரவில் உயரத்தில் அமைந்த உலர்ந்த கூடு, மாலையில் தானியம் என்ற நடுவழியே அவருக்கு ஏற்றது.

ஆதலால் சங்கங்கள் குஞ்சு வழங்குமுன் கூட்டுக்குக் கடன் வழங்கட்டும். கால்நடை மருந்தகத்தோடு பேசி, ஊருக்கு ஒரு நாள் குறித்து, எல்லார் கோழிக்கும் ஒருங்கே மருந்து போடட்டும். ஒரு வீட்டுக் கோழி விடுபட்டாலும் நோய்க்கு வழி திறந்திருக்கும். தனி ஒருவரால் ஆகாததைச் சேர்ந்து செய்யவன்றோ சங்கம் கண்டோம்?